நிலையாமை ஓவியம்: ஊஸ்ரர்வைக்கும் பிளாக்கும்

ஓவியங்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு வகுத்த காலம் ஒன்று இருந்தது. பிரான்சு நாட்டு அரச கலைக்கழகத்திலே 1667ஆம் ஆண்டு நிகழ்ந்த சொற்பொழிவுகளைத் தொகுத்து வெளியிட்ட அந்திரே பெலிபியன் என்பார், அத்தொகுப்பின் முன்னுரையில் ஓவிய வகைகளுக்கு ஒரு படிவரிசை அமைத்தார். வரலாற்றையும் புராணத்தையும் சித்திரிப்பது தலையாயது. மனித உருவம் வரைதல் அதற்கு அடுத்தது. விலங்கும் நிலக்காட்சியும் அதனினும் கீழானவை. பழம், பூ, சிப்பி முதலிய அசையாப் பொருள்களை வரைதல் யாவற்றினும் கடையாயது. சடப்பொருள் ஓவியம் என வழங்கும் கலை இவ்வாறு வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டது.

இவ்வரிசை வெறும் இரசனைக் கருத்தாக நின்றதன்று. அது தொழிலுரிமையையும் பங்கிட்டது. வரலாற்றோவியம் வரைய விரும்புவோன் மனித உடலமைப்பை நேரிற் கண்டு பயிலல் வேண்டும். அப்பயிற்சியை ஐரோப்பியக் கலைக்கழகங்களுட் பெரும்பாலானவை பெண்களுக்கு நெடுங்காலம் மறுத்தன. இலண்டன் அரச கலைக்கழகம் 1893ஆம் ஆண்டிலேதான், அதுவும் பல கட்டுப்பாடுகளோடு, அக்கதவைத் திறந்தது. ஆதலின் பூவும் பழமும் பாத்திரமுமே பல பெண் ஓவியருக்கு எட்டிய பொருள்களாயின. உயர்ந்த ஓவியத்துக்குரிய பயிற்சியை மறுத்துவிட்டுத் தாழ்ந்த ஓவியத்தையே பெண்கள் வரைகின்றனர் என்று குறை கூறுதல், ஏணியை ஒளித்துவிட்டு ஏறத் தெரியாதவள் என்று ஏசுவதை ஒக்கும்.

இந்நிலையில், கடைப்படியிலே வைக்கப்பட்ட அக்கலையையே கருவியாகக் கொண்டு, மிகப் பெரிய பொருளொன்றைப் பேசிய பெண் ஓவியர் இருவரை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ஒருவர் ஒல்லாந்து நாட்டு மரியா வான் ஊஸ்ரர்வைக் (1630–1693). மற்றவர் ஐக்கிய அமெரிக்காவின் ஓட்றி பிளாக் (1931–2024). இருவருக்கும் இடையில் மூன்று நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆயினும் பின்னவர், பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தரின் நிலையாமை ஓவியத்தின் அமைப்பை மட்டுமன்றி அதன் பெயரையும் வெளிப்படையாக ஏற்றுத் தம் ஓவியங்களுக்குச் சூட்டினார். அம்மரபிலே அவருடைய ஓவியங்களுக்கு மிக நெருங்கி நிற்கும் முன்னோடி ஊஸ்ரர்வைக் 1668ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியமேயாம். இங்கு எழும் வினா இது: பிளாக் பெற்றது உண்மையான மரபுரிமையா, அன்றி வெறும் இரவற் பொருளா? தாயின் நகையை அணிந்தவள் எல்லாம் தாயின் குணத்தை உடையவள் ஆகிவிடாள்.

மரபும் அதன் பொருளும்

‘வனிற்றாஸ்’ என்னும் இலத்தீன் சொல் வெறுமை, பயனின்மை என்னும் பொருளுடையது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள சபையுரையாளர் ஆகமத்திலிருந்து அச்சொல் ஓவியருலகிற்கு வந்தது. மண்டையோடு, மணற்கடிகை, அணைந்த விளக்கு, வாடும் மலர், பொற்காசு, இசைக்கருவி, நூல் என்பவற்றை ஒரு மேசைமீது ஒருங்கு வைத்து வரைவது இம்மரபின் இயல்பு. செல்வமும் கல்வியும் இன்பமும் காலத்தின்முன் நில்லா என்பதே அதன் செய்தி. வள்ளுவர் நிலையாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தமையும், தொல்காப்பியர் நில்லா உலகினைக் காஞ்சித்திணையின் பொருளாக்கியமையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இக்கருத்துப் புதியதன்று. ஆயின், சொல்லால் உணர்த்துவதற்கும் பொருளைக் காட்டி உணர்த்துவதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. புலவன் ‘செல்வம் நில்லாது’ என்று கூறுங்கால் செல்வத்தைப் புகழ வேண்டிய கட்டாயம் அவனுக்கில்லை. ஓவியனோ பொற்காசின் பளபளப்பைக் கண்ணைக் கவருமாறு தீட்டிய பின்பே அஃது அழியும் என்று சொல்ல முடியும். துறவை உபதேசிக்கும் ஓவியமே ஆசையைத் தூண்டும் ஓவியமாகவும் அமைகின்றது. இம்முரண்பாடே நிலையாமை ஓவியத்தின் உயிர். அதனை எவ்வாறு கையாண்டார் என்பதே ஓவியரை அளக்கும் கோல்.

ஊஸ்ரர்வைக்கின் மேசை

மரியா வான் ஊஸ்ரர்வைக், டெல்வ்ற் நகருக்கு அண்மையிலுள்ள நூற்டோர்ப் என்னும் ஊரிலே சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த போதகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தார். அம்ஸ்ரடாம் நகரில் வாழ்ந்து ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார், திருமணஞ் செய்திலர். பிரான்சு மன்னன் பதினான்காம் லூயியும், பேரரசன் முதலாம் லெயோபோல்டும் அவர் ஓவியங்களைப் பெற்றோருள் அடங்குவர். தம் இல்லத்துப் பணிப்பெண்ணாகிய கீர்ச்சே வின்ற்கெஸ் என்பாருக்கும் ஓவியங் கற்பித்து அவரையும் ஓவியராக்கினார். தமக்குக் கிடைத்த கலையைத் தம்மோடு அடக்கிக்கொள்ளாது, சமையற்கட்டில் நின்றவளுக்கும் பகிர்ந்தளித்த இச்செயல் அவருடைய வாழ்விற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

வியன்னா நகரக் கலைவரலாற்று அரும்பொருட்சாலையிலுள்ள அவருடைய 1668ஆம் ஆண்டு ஓவியம் மிகப் பெரியதன்று. உயரம் ஏறக்குறைய 73 சதமமீற்றர். அகலம் 88 சதமமீற்றர். ஒரு மேசையின்மீது வானக்கோளம், மண்டையோடு, மணற்கடிகை, மலர்ச்சாடி, குழல், காசுப்பை, பழைய நூல்கள் என்பன நெருங்கிக் கிடக்கின்றன. ஓர் எலி தானியக் கதிரைக் கொறிக்கின்றது. கணக்கு என்னும் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லைத் தாங்கிய ஏடு ஒன்றின்மீது செந்நிறப் பட்டி பொருந்திய வண்ணத்துப்பூச்சி ஒன்று அமர்ந்திருக்கின்றது. ஒரு புறத்தில் திரவம் நிறைந்த கண்ணாடிக் குப்பி. அதன் வளைந்த பக்கத்திலே சாளரத்தின் ஒளியோடு ஓவியரின் உருவமும் மிகச் சிறிதாகத் தெரிகின்றது.

இவ்வோவியத்தின் நுட்பம் யாது? ஒவ்வொரு பொருளும் இரு முகம் உடையதாய் நிற்பதே அது. கணக்கேடு வணிகன் எழுதும் ஏடு. ஆன்மா இறுதிநாளில் ஒப்புவிக்கவேண்டிய கணக்கும் அதுவே. வண்ணத்துப்பூச்சி ஒரு நாள் வாழ்வின் அடையாளம். கூட்டை உடைத்து எழும் உயிரின் அடையாளமும் அதுவே. கதிர் உணவாகும், மண்ணில் மடிந்து மீண்டும் முளைக்கும் விதையுமாகும். அழிவைக் கூறும் அதே மூச்சில் மறுவாழ்வின் நம்பிக்கையும் கூறப்படுகின்றது. போதகரின் மகள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

குப்பியில் தெரியும் உருவம் இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஓவியர் தம்மைத் தனி உருவமாகப் பெருமிதத்தோடு தீட்டிக்கொள்ளவில்லை. எளிதில் உடையும் கண்ணாடியிலே, நிலையாத ஒளித்துளியாகத் தம்மை வைத்தார். அழியும் பொருள்களின் பட்டியலில் தம்மையும் ஒன்றாக எழுதிக்கொண்டமை பணிவு. ஆயினும், கூர்ந்து நோக்குவார்க்கு மட்டும் புலனாகுமாறு, ‘இதனை வரைந்தவள் இங்கு நின்றாள்’ என்று சாட்சி பகர்ந்தமை துணிவு. பணிவும் துணிவும் ஒரே துளியில் அடங்கின.

பிளாக்கின் மேசை

ஓட்றி பிளாக் நியூயோர்க் நகரிற் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் யோசவ் அல்பேர்ஸ் என்னும் ஆசிரியரிடம் பயின்று 1952இற் பட்டம் பெற்றவர். தொடக்கத்திலே அக்காலத்தில் மேலோங்கி நின்ற அரூப ஓவிய நெறியைப் பின்பற்றினார். பின்னர் அதனைத் துறந்து, நிழற்படத்தை மூலமாகக் கொண்டு வரையும் நெறிக்கு வந்தார். 1960களின் இறுதியிலிருந்து, வண்ண நிழற்படத்தின் பிம்பத்தை ஒளிக்கருவி கொண்டு கித்தானின்மீது வீழ்த்தி அதன்மேல் வரையும் முறையை அவர் கையாண்டார். தூரிகைக்குப் பதிலாக வண்ணத்தைக் காற்றாற் புகைபோலத் தெளிக்கும் கருவியையும் பயன்படுத்தினார்.

அந்நெறியில் நின்ற ஆண் ஓவியர் பலர் மோட்டார் வண்டிகளையும் கடைமுகப்புகளையும் உணவுச்சாலைகளையும் உணர்ச்சி கலவாது தீட்டினர். பிளாக் எடுத்த பொருள்களோ வேறு. உதட்டுச் சாயம், முத்துமாலை, வாசனைக் குப்பி, இனிப்புப் பண்டம், ரோசாப்பூ என அவர் மேசையிலே பெண்களின் ஒப்பனை அறையே குடிபுகுந்தது. இவை மலினமானவை, மிகையுணர்ச்சி பொருந்தியவை என்று விமரிசகர் சிலர் பழித்தனர். பெலிபியன் வகுத்த பழைய படிவரிசை, மூன்று நூற்றாண்டின் பின்னரும் வேறு உடையுடுத்து நின்றது என்க.

முன்னைப் பெண் கலைஞரை நாடும் வேட்கை பிளாக்கிடம் தொடக்கத்திலேயே உண்டு. 1971இல் அவர் வரைந்த ‘அற்புதங்களின் மக்கரேனா’ என்னும் ஓவியம், இசுப்பானிய நகராகிய செவிலியில் உள்ள கண்ணீர் சிந்தும் கன்னி மரியாளின் சிலையைக் காட்டுவது. அச்சிலையைச் செதுக்கியவர் லூயிசா ரோல்டான் (1652–1706) என்னும் பெண் சிற்பி என்பது செவிவழி வந்த மரபு. அதே 1971ஆம் ஆண்டிலேதான் லிண்டா நொக்லின், மாபெரும் பெண் கலைஞர் ஏன் தோன்றவில்லை என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்ட கட்டுரையை வெளியிட்டு, குறை பெண்களிடத்தன்று, பயிற்சி தரும் நிறுவனங்களிடத்தே என்று வாதித்தார். நொக்லினும் ஆன் சதர்லன்ட் ஹரிஸும் அமைத்த, 1550 முதல் 1950 வரையான பெண் ஓவியரின் கண்காட்சி 1976 டிசெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் திறக்கப்பட்டது. பிளாக் தம் நிலையாமை ஓவியங்கள் மூன்றையும் 1976க்கும் 1978க்கும் இடையிலேயே தீட்டினார். மறக்கப்பட்ட முன்னோரை மீட்கும் முயற்சி ஓங்கிய காலத்தின் பயன் அவை என்பது தெளிவு.

அவற்றுள் நடுவணது 1977இல் முடிந்த ‘மேரிலின்’. அரிசோனாப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்திலுள்ள அது எட்டடிச் சதுரமானது. அதிலே விரித்த நூலொன்றில் நடிகை மேரிலின் மன்றோவின் முகம். கண்ணாடியொன்றில் மீண்டும் அவர் முகம். சுற்றிலும் எரியும் மெழுகுதிரி, மணற்கடிகை, சட்டைப்பைக் கடிகாரம், நாட்காட்டியின் ஏடு, ரோசாப்பூ, பாதியாய் அறுத்த தோடம்பழம், திறந்த உதட்டுச் சாயம், செவ்வண்ணம் தோய்ந்த தூரிகை என்பன. நடுவே பழுப்பேறிய சிறு நிழற்படம் ஒன்று. அதில் இருப்போர் சிறுமியாய் இருந்த பிளாக்கும் அவர் சகோதரனும்.

இங்கே இரவலுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகின்றது. மணற்கடிகையும் மலரும் இரவற் பொருள்கள், எவரும் எடுத்தாளலாம். ஆயின் மண்டையோட்டை நீக்கி அதன் இடத்தில் மன்றோவின் முகத்தை வைத்தமை பிளாக்கின் சொந்த ஆக்கம். 1962 ஓகஸ்ட் மாதத்தில் முப்பத்தாறு வயதில் இறந்த அந்நடிகையின் முகம், இறப்பின் பின்னும் இளமை மாறாமல் ஏடுகளிலும் திரையிலும் உலவியது. ஊஸ்ரர்வைக்கின் காலத்தில் அழகு அழிந்து எலும்பு எஞ்சியது. பிளாக்கின் காலத்திலோ ஆள் அழிந்து அழகு எஞ்சியது. பிந்தியதே கொடியது, ஏனெனில், அழகு நிலைத்து நிற்றலால் ஆள் அழிந்தமை மறைந்துபோகின்றது. நிழற்படம் என்னும் புதிய பொருள் நிலையாமைக்குத் தந்த புதிய முகத்தை இவ்வோவியம் கண்டுகொண்டது.

உதட்டுச் சாயத்தையும் தூரிகையையும் ஒரே மேசையில் வைத்தமையும் தற்செயலன்று. இரண்டும் செந்நிறம் தீட்டும் கருவிகள். முகத்தைத் தீட்டுபவளும் கித்தானைத் தீட்டுபவளும் ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர். குப்பியின் ஒளித்துளியில் ஊஸ்ரர்வைக் தம்மை வைத்தவாறே, பழுப்பேறிய நிழற்படத்திற் பிளாக் தம்மை வைத்தார். முன்னவர் வரைந்துகொண்டிருக்கும் கணத்தைக் காட்டினார். பின்னவர் மீளாத பிள்ளைப் பருவத்தைக் காட்டினார். அழியும் பொருள்களுள் தாமும் ஒருத்தி என்னும் ஒப்புதல் இரண்டிலும் ஒன்றே. இவ்விடத்திற் பிளாக் பெற்றது நகையன்று, குணமே என்று துணிந்து கூறலாம்.

அளவினால் வரும் வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும். வியன்னா ஓவியம் சிறிதாதலின் காண்பவரை அருகே அழைக்கின்றது. குனிந்து நோக்கினாலன்றி எலியும் உருவமும் புலப்படா. பிளாக்கின் ஓவியத்திலோ உதட்டுச் சாயம் மிகப் பெருத்துக் காண்பவர்மேல் வந்து சாய்கின்றது. இது விளம்பரப் பலகையின் அளவு, திரைப்படத்தின் அளவு. மன்றோவை வளர்த்ததும் விழுங்கியதும் அவ்வளவேயாதலின் அது பொருளோடு பொருந்துகின்றது. ஆயினும், தனிமையில் அமைதியாய்ச் சிந்திக்கும் இயல்பு இதனால் ஓரளவு குன்றிற்று என்பதை மறைத்தல் ஆகாது.

தவறிய இடம்

புகழ்ச்சி மட்டுமே விமரிசனம் ஆகாது. 1976–77இல் வரைந்த ‘இரண்டாம் உலகப்போர்’ என்னும் நிலையாமை ஓவியத்தைப் பற்றி அதே துணிபோடு பேச முடியவில்லை. 1945 ஏப்பிரிலில் பூக்கன்வால்ட் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட காலை, மார்கரெட் பேர்க்-வைற் என்னும் பெண் நிழற்படக் கலைஞர் எடுத்த படம் உலகறிந்தது. முள்வேலியின் பின்னால் எலும்புந்தோலுமாய் நிற்கும் மனிதர் அதில் நோக்குகின்றனர். பிளாக் அப்படத்தைத் தம் ஓவியத்தின் பின்புலமாக்கி, அதன்முன் வெள்ளித் தட்டில் இனிப்புப் பண்டங்களையும் முத்துமாலையையும் ரோசாவையும் வண்ணத்துப்பூச்சியையும் உருகி வழியும் செம்மெழுகுதிரியையும் வைத்தார்.

அவருடைய நோக்கம் ஐயத்துக்கு இடமற்றது. யூத குலத்தில் தோன்றிய அவர், தம் மக்களின் பேரழிவை நினைவுகூர்ந்தே மெழுகுதிரியை எரிய வைத்தார். மனிதர் பட்டினியால் மாண்ட நாள்களிலும் வேறிடங்களில் விருந்து நடந்தது என்னும் கடுமையான உண்மையைக் காட்டவே இனிப்பை வைத்தார் என்று அவர் சார்பில் வாதிக்கலாம். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓவியத்தின்முன் நிற்பவர் இனிப்பைக் கண்டு மகிழ்ந்த கணமே நாணி நிற்பர். அந்நாணமே ஓவியத்தின் வெற்றி என்றும் கூறுவர்.

ஆயினும் ஒரு தடை எஞ்சுகின்றது. நிலையாமை என்பது இயற்கையின் நியதி. மலர் வாடுதல் எவருடைய குற்றமும் அன்று. மணல் வழிதலைத் தடுப்பார் எவரும் இலர். பூக்கன்வால்ட்டில் நிகழ்ந்ததோ நியதியன்று, மனிதர் திட்டமிட்டுச் செய்த கொடுமை. வாடும் ரோசாவையும் வதைபட்ட மனிதரையும் ஒரே மேசையில் ஒரே தலைப்பின்கீழ் வைத்தால், குற்றம் விதியாக மாறித் தோன்றும் இடையூறு உண்டாகின்றது. நிலையாமையைக் கண்டு மனம் அடங்குதல் அறிவு. கொலையைக் கண்டு மனம் அடங்குதல் அறிவன்று. ஊஸ்ரர்வைக்கின் மண்டையோடு எவருக்கும் உரியது. ஆதலின் எல்லாரையும் குறிக்கும். முள்வேலியின் பின் நிற்பவர் ஒவ்வொருவரும் தமக்கெனப் பெயருடையவர். அவரை எதனுடைய குறியீடாகவும் ஆக்குதல் தகாது. ‘மேரிலின்’ ஓவியத்தில் நிழற்படம் மேசைக்கு உரிய பொருளாய் அமைந்தது. இங்கோ மேசை அதனைத் தாங்க வல்லதாய் இல்லை. மரபு ஒன்றை ஏற்பவர் அதன் எல்லையையும் ஏற்றல் வேண்டும் என்பதற்கு இவ்வோவியம் சான்று. எனினும், துணிந்து முயன்று தவறிய இவ்வோவியம், துணியாது செய்த பல திருத்தமான ஓவியங்களினும் நினைவில் நிற்கின்றது என்பதும் உண்மை.

முடிபு

1962இல் வெளிவந்த யான்சனின் புகழ்பெற்ற கலை வரலாற்று நூலின் முதற்பதிப்பில் பெண் கலைஞர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. 1986இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே பெண்கள் சிலர் சேர்க்கப்பட்டனர். அவருள் பிளாக்கும் ஒருவர். அம்ஸ்ரடாம் நகரத் தேசிய அரும்பொருட்சாலையின் தலையாய மண்டபத்திலே பெண் ஓவியரின் படைப்புக்கள் முதன்முதலாகத் தொங்கவிடப்பட்டது 2021ஆம் ஆண்டிலேயாம். தாமதமாயினும் வந்த நீதி என்று இதனைப் போற்றலாம். ஆயின், இடங்கொடுத்தல் வேறு, மதிப்பிடுதல் வேறு. பெண் வரைந்தது என்பதற்காகவே புகழ்தல், பெண் வரைந்தது என்பதற்காகவே இகழ்ந்த பழைய பிழையின் மறுபக்கமேயாம். ஊஸ்ரர்வைக்கையும் பிளாக்கையும் அவர்தம் மேசைகளின்முன் நின்று, பொருள்பொருளாய் நோக்கி, வென்ற இடத்தை வென்றதென்றும் தவறிய இடத்தைத் தவறியதென்றும் கூறுவதே அவர்க்குச் செய்யும் உண்மையான மரியாதை.

அவ்வாறு நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். பெலிபியனின் படிவரிசையிலே கடைப்படியில் நின்ற கலை, செல்வம், அழகு, புகழ், இறப்பு என்னும் பெரும்பொருள்களை ஓர் எலியாலும் ஒரு உதட்டுச் சாயத்தாலும் பேசவல்லதாயிற்று. கடைப்படியில் நிறுத்தப்பட்டவர்களே அதனைப் பேசவும் வைத்தனர். ஓவியத்தின் உயர்வு எடுத்துக்கொண்ட பொருளில் இல்லை. அப்பொருளை உற்றுநோக்கிய கண்ணின் நேர்மையிலேயே இருக்கின்றது.